காரணம் என்ற கட்டம்

அக்டோபர் ஞாயிறு. அடிலெய்டில் இருபத்திரண்டு டிகிரி.
ஏசி போடுமளவு வெக்கையில்லை,
ஹீட்டர் தேடுமளவு குளிரில்லை.
மாக்பை கொத்தாமலிருக்க
ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் முட்கள் கட்டிக்கொண்டு
பிள்ளைகள் சைக்கிள் விடும் மாதம்.
கடற்கரைக்குப் போனவர் போக மிச்சப்பேர்
புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
வீடுகள் எதையும் கேட்கவில்லை.
கூரைகள் மட்டும் கொடுத்துக்கொண்டேயிருந்தன.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
வெயிலை எண்ணாகத்தான் பார்ப்பேன்.
சுவரில் ஒரு கோடு:
மாநிலம் எங்களிடம் கேட்கும் மின்சாரம்.
காலையில் குன்று.
பதினொன்றுக்கு மேடு.
பன்னிரண்டரைக்குப் பாத்திரம் கழுவும் தொட்டி.
அதற்கு மேலே இன்னோர் எண், ஐம்பது.
நொடிக்கு ஐம்பது துடிப்பு.
அது ஐம்பதாக இருக்கும்வரை
அப்படி ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரியாது.

அதைப் பிடித்து நிறுத்துவது கனம்.
துறைமுகத்துப் பக்கம் சுழலும் இரும்பு:
தள்ளினால் உடனே அசையாது,
விட்டால் உடனே நிற்காது.
அந்த மந்தம்தான் எங்கள் காப்பு.
இரும்பு சுழல வேண்டுமென்றால்
அதற்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வைக்க வேண்டும்.
அன்று கூரைகள் ஒரு பருக்கையும் வைக்கவில்லை.

மிஞ்சியதை விக்டோரியாவுக்குத் தள்ளுவது வழக்கம்.
அந்த வாரம் இரண்டு பாதைகளில் ஒன்று பராமரிப்பில்.
12:41க்கு மற்றதும் விழுந்தது
(கழுகு ஒன்று, என்று பிறகு சொன்னார்கள்).
மாநிலம் தீவானது.
ஐம்பது.
ஐம்பது புள்ளி நான்கு.
புள்ளி ஏழு.
பக்கத்து நாற்காலி டெஸ்மண்ட்
பாதி கடித்த சாண்ட்விச்சை
கீபோர்டின் மேலேயே வைத்தார்.

12:52.
கட்டளையை உரக்கப் படித்தேன்,
விதிப்படி இரண்டு முறை.
கூரைகளை அணை.

சாலிஸ்பரியிலிருந்து நோர்லங்கா வரை
ஒரு சத்தமும் இல்லை.
வெயில் அதே ஓடுகளில், அதே தகடுகளில்
முன்போலவே விழுந்துகொண்டிருந்தது,
வாங்குவதற்குத்தான் ஆளில்லை.
இதே தகடுகளுக்காக
பத்து வருஷம் முன்பு ஊர்வலத்தில்
அட்டை பிடித்து நடந்தவள் நான்.
தொண்டை கட்டியது நினைவிருக்கிறது.

எண் தயங்கியது. இறங்கியது.
டெஸ்மண்ட் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டார்.

ஏழரைக்கு வெயில் போனதும்
எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.
மதியம் வேண்டாமென்றதில் கையளவு
எங்காவது இருக்காதா என்று தேடினோம்.
சில கராஜ்களில் பேட்டரி இருந்தது.
சில.

வீட்டுக்கு வந்தபோது ஸ்டோயான் வேலியருகே நின்றார்,
கையில் அவருடைய நோட்டு.
இருபது வருஷம் லாரி ஓட்டியவர்,
வண்டியின் லாக்புக் போலத்தான் கூரையையும் எழுதுவார்:
தேதி, யூனிட், குறைந்தால் காரணம்.

"நீயா?"
"ஆமாம்."
"எவ்வளவு நேரம்?"
"மூன்று மணி எட்டு நிமிஷம்."
"என் கூரை. என் கடன். உன் விரல்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"ஊரில் விளக்கு அணைந்ததா?"
"இல்லை."
"அப்போது ஆபத்து வந்தது என்று
நான் எதை வைத்து நம்புவது?"

இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இதற்குத்தான் என்னிடம் பதிலில்லை.
நடக்காத ஒன்றை யாருக்கும் காட்ட முடிவதில்லை,
மெழுகுவத்தி தேட வேண்டியிராத ஒரு ராத்திரியை
எந்தக் கையில் கொடுப்பது?

அவர் பேனாவைத் திறந்தார்.
"காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
என்ன எழுத?"
எட்டிப் பார்த்தேன். ஆறு வருஷத்துக் கையெழுத்து:
மழை, மழை, தூசு,
பறவை எச்சம், மழை.

"வெயில்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றபடி இருந்தது.
அவருக்குப் பின்னால் சமையலறை எரிந்தது,
ஏதோ வறுபடும் வாசனை,
சுவரில் மீட்டர்
இப்போது எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு.