அரைப்பேர்

கூடலூரில் ஆடி மழை,
ஒன்பதாவது நாள்.
டியூட்டி அறையில் ஒழுகலுக்கு இரண்டு வாளி,
ஒரு கட்டில்,
தாழ்ப்பாள் இல்லாத கதவு.
முட்டுக்கொடுக்க
காலாவதியான குளுக்கோஸ் பெட்டி.

முப்பத்தோராவது மணிநேரத்தில்
ஓவேலியிலிருந்து வந்தாள் தவமணி,
கொழுந்து எடுக்கிறவள்.
மூன்று வாரமாக அடிவயிற்றில் வலி.
"ஏம்மா, அப்பவே சொல்றதுக்கென்ன?"
குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.
"சொன்னா கணக்கப்பிள்ளை லயத்துக்குப் போன்னுடுவாரு.
அரைப்பேர்தான் விழும், டாக்டர்."

அரைப்பேர்.
தோட்டத்தில் பாதி நாள் கூலிக்கு அதுதான் சொல்.
எங்கள் பதிவேட்டில் அரைப்பேர் கிடையாது.
இரண்டு ராத்திரிக்கும் நடுவிலுள்ள பகலுக்கும்
ஒரே கையெழுத்து.
அட்மிஷன் சீட்டில் 'தவ' என்று எழுதி
'மணி' எழுதுமுன் தூங்கிப்போனேன்.
அவள்தான் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

அன்று விடியலில்
ஏழு கிலோக் குழந்தைக்கு எழுதும்போது
ஒரு புள்ளியை விட்டேன்.
எழுத்தில் புள்ளி போனால்
மெய்க்கு உயிர் வரும்.
மருந்துச் சீட்டில்
ஒன்று பத்தாகும்.
சிஸ்டர் பியூலா சீட்டைத் திரும்ப நீட்டினார்:
"இதக் கொஞ்சம் பாருங்க மேடம்."
வேறொன்றும் சொல்லவில்லை.
அவரும் யாரிடமும்,
நானும் யாரிடமும்.

வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் வருகிறார் என்றதும்
பஸ் ஸ்டாண்டு எதிரே காக்கா கடையில்
நால்வரும் பேசி வைத்தோம்.
மயக்கமருந்து டாக்டர் பணியிடம் காலி என்பதை
பெள்ளிராஜ் சொல்வது.
நடுவட்டத்தில் மண் சரிந்த இரவு
ஆம்புலன்ஸிலேயே முடிந்துபோனதை
நிஷாத் சொல்வது.
முப்பத்தாறு மணிநேரத்தை நான்.
ஃபசீலா எழுதியே வைத்திருந்தாள்,
மருந்துக் கம்பெனி கொடுத்த நோட்பேடில், எண் போட்டு.
"எல்லாரும் சேர்ந்து சொன்னா
யாரைன்னு தூக்கியடிப்பாங்க?"
எண்ணெயில் பழம்பொரி புரண்டது.
அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வந்தார்.
நல்ல மனிதர்தான், நின்றுகொண்டிருந்தவர்களை உட்காரச் சொன்னார்.
"குறை ஏதும் இருக்கா? தைரியமா பேசுங்க."
கடிகாரம் பார்த்தார்.
இருட்டுமுன் அவர் ஊட்டிக்கு ஏற வேண்டும்.

பெள்ளிராஜின் அப்பாவுக்கு
கோத்தகிரியிலிருந்து வாரம் மூன்று டயாலிசிஸ் பயணம்;
மாறுதல் மனு
இவர் மேசையில்தான் கிடக்கிறது.
நிஷாத்தின் அசல் சான்றிதழ்கள்
பாண்டு முடியும்வரை யாருடைய பீரோவிலோ.
ஃபசீலா நோட்பேடைத்
தேதி பார்ப்பதுபோல் பார்த்தாள்.
எனக்கு,
எனக்கு அந்தப் புள்ளி இருந்தது.
மணிநேரத்தைப் பேசினால்
அந்த மணிநேரத்தில் நீ என்ன எழுதினாய் என்பார்கள்.

"டியூட்டி ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல சார்."

"அவ்வளவுதானே!"
சிரித்தபடி குறித்துக்கொண்டார்.
நாங்களும் சிரித்தோம், நால்வருமே,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.
ஜீப் திரும்பி மேடேறும்வரை
வாசலில் வரிசையாக நின்றோம்.
பிறகு ஓ.பி.க்குப் போனோம்
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.

திங்களன்றே ஆசாரி வந்துவிட்டார்.
இத்தனை வேகத்தில் இங்கே எதுவும் நடந்ததில்லை.
பித்தளை. நான்கு திருகாணி.
"உள்ளேர்ந்து போட்டுட்டீங்கன்னா
யானை தள்ளினாலும் திறக்காது மேடம்."

இன்றிரவு போட்டுப் பார்த்தேன்.
நன்றாகத்தான் விழுகிறது.
ஒரு வாளி நிரம்பி
மற்றதில் சொட்டுகிற சத்தம்.
கண் மூடியதும் கதவைத் தட்டினார் பியூலா:
"ஏழாம் கட்டில், மேடம்."

தவமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்,
போர்வை நுனி பல்லில்.
"வலி எப்படிம்மா இருக்கு?"
"பரவால்ல, டாக்டர்."

பரவாயில்லை என்பவர்களின் வயிற்றைத்தான்
அழுத்திப் பார்க்க வேண்டும்
என்று படித்திருக்கிறேன்.

கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு
அழுத்தினேன்.