முப்பத்தொன்றாம் கேள்வி

கிம்பர்லியில் ஆகஸ்ட் காற்று
பழைய வைரச் சுரங்கத்தின் தூசியை
இன்னும் கொண்டுவந்து கொட்டுகிறது.
அரசாங்கத்து வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில்
யாரோ விரலால் எழுதியிருக்கிறார்கள்: கழுவு.

கருக்கலைப்புப் பிரிவு
ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், சலவைக்கூடம் தாண்டி.
பெயர்ப்பலகை கிடையாது. வேண்டாமென்றது நிர்வாகம்.
கேட்டுக் கேட்டுத்தான் வரவேண்டும்,
கேட்கக் கூசுகிறவர்களும்.

சிஸ்டர் கிரிசெல்டா யானுவாரி
சாவிக்கொத்தோடு முன்னால் நடக்கிறார்.
மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்று
மற்ற மூன்று நர்சுகளும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
ஆறு வருஷமாக இவர் ஒருவர்தான்.
(இவருடைய மனசாட்சியைப் பற்றி
என் படிவத்தில் கேள்வி இல்லை.)

ஆட்டோகிளேவ் பதிவேடு: அன்றன்றைக்கு, நீல மையில்.
ஆக்சிஜன் முள்: பச்சையில்.
ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து குளிர்பெட்டியில்,
காலாவதிக்கு இன்னும் நாலு மாதம்.
படுக்கை விரிப்பில் இஸ்திரி மடிப்பு.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

முப்பத்தொன்று: மின்சாரம் போனால்?
"ஜெனரேட்டர் இருக்கிறது."
ஓட்டிக் காட்டுங்கள்.
"ஓடும்."
ஓட்டிக் காட்டுங்கள், சிஸ்டர்.

இரண்டு வருஷத்துக்கு முன், வேறொரு ஊரில்,
இதே கேள்விக்கு இதே பதில்.
மணி மூன்று. வெயில். இன்னும் இருநூறு கிலோமீட்டர் போயாக வேண்டும்.
வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு ஒரு டிக் போட்டேன்.
பதினோராம் நாள், மின்வெட்டு.
விளக்கும் உறிஞ்சு கருவியும் ஒன்றாய் நின்றன.
செல்போன் வெளிச்சத்தில் முடிக்கப் பார்த்தார்கள்.
அவளுக்குப் பத்தொன்பது வயது. பெயர் ஒன்ட்லமெட்சே.
விசாரணையில் என் டிக்கைப் பெரிதாக்கி
சுவர் முழுக்கக் காட்டினார்கள்.
அவ்வளவு பெரிதில் அது சரி என்ற குறியாகவே தெரியவில்லை.
போகிற போக்கில் இழுத்த கீறல்.

சிஸ்டர் கயிற்றை இழுக்கிறார். இழுக்கிறார்.
நானும் இழுக்கிறேன்.
இருமி, ஒரு வாய் கறுப்புப் புகை விட்டு
அடங்கிவிடுகிறது.

"ஏழு கடிதம் போட்டேன். உங்கள் அலுவலகத்துக்குத்தான்."
கொள்முதல் இரண்டாம் மாடி, நான் நாலாவது மாடி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் ஒன்பது பெண்கள்.
அப்பிங்டனிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவள்
போர்வையை மடித்து மடியில் வைத்திருக்கிறாள்.
பள்ளிச் சீருடையை ஸ்வெட்டருக்குள் மறைத்தவள் ஒருத்தி,
காலர் மட்டும் வெளியே.

கேட்டுக்கு எதிரே விளக்குக் கம்பம்.
ஆள் உயரம் வரை துண்டுச்சீட்டுகள்,
மஞ்சள், பச்சை, ரோஸ்.
வலி இல்லை. அன்றே முடியும். சுத்தம் செய்து தரப்படும்.
கீழே ஒரு நம்பர்.
போட்டுப் பார்த்தேன்.
"எத்தனை வாரம்?" டிவி சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் குரல்.
கருவிகளை எதில் கொதிக்க வைக்கிறீர்கள் என்றேன்.
"யார் நீ?"
மின்சாரம் போனால்?
வைத்துவிட்டான்.

அவன் கதவுக்கு என்னிடம் படிவம் இல்லை.
உரிமம் உள்ள இடத்தை மட்டுமே
என்னால் மூட முடியும்.

திரும்பிப் போய் முப்பத்தொன்றில்
இல்லை என்று எழுதினேன். கையெழுத்து, தேதி, முத்திரை.
எழுதாமல் விட்டிருந்தால் என்ன என்று
உங்களுக்குத் தோன்றலாம்.
எனக்கும் தோன்றியது.
சுவர் முழுக்க அந்தக் கீறலும் தோன்றியது.

சிஸ்டர் இரண்டு தடவை படித்தார்.
பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்
ஒவ்வொருத்தியிடமும் கேட்கத் தொடங்கினார்:
வியாழக்கிழமை வரை தங்க இடம் இருக்கிறதா?

இரண்டாம் மாடிக்குப் போன் போட்டேன்.
காத்திருக்கச் சொல்லி ஏதோ இசை.
பேட்டரி இருக்கும்வரை காத்திருப்பதாக முடிவு செய்து
காரில் சாய்ந்து நிற்கிறேன்.
பெஞ்சில் இப்போது எட்டுப் பேர்.

கம்பத்தடியில் சீருடைக்காரி
குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறாள்.
ஒரு லேஸ் கட்ட
இவ்வளவு நேரமா.