ஒரு புள்ளி

ஆட்டம் மாலை ஆறரைக்கு.
எனக்கு அது விடியற்காலை மூன்றே காலுக்கே
தொடங்கிவிட்டது,
யீஷூனில், பதினோராம் மாடியில்,
குளிர்பதனப் பெட்டியின் கதவில்
காந்தப் பொத்தான்களை நகர்த்தியபடி.

பச்சை நாங்கள். சிவப்பு அவர்கள்.
மின்கட்டண ரசீதைச் சுற்றிப் பத்துப் பேர் ஓடினார்கள்.
தூக்கக் கண்ணோடு வந்தாள் மனோரஞ்சிதம்.
"பால் எடுக்கணும். உங்க டிஃபென்ஸைக் கொஞ்சம் தள்ளுங்க."

பதினோரு ஆண்டு. எட்டுத் தோல்வி.
மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் அவர்கள்.
இந்தத் தீவில் எதிரி என்றால்
மதியம் அதே கடையில், அதே வரிசையில்
எனக்கு முன்னால் நின்று
கோப்பி-ஓ வாங்குகிறவன்தான்.
போன வருஷம் சில்லறைகூடக் கொடுத்து உதவினான்.
இன்னும் மன்னிக்கவில்லை.

பதினொன்றாம் எண்காரியை எனக்குத் தெரியும்.
காணொளியில் நாற்பது தடவை.
ஃப்ரீ த்ரோவுக்கு முன் மூன்று தட்டு,
இடது காலணியின் அடியை உள்ளங்கையால் ஒரு துடைப்பு,
பிறகு ஒரு மூச்சு; அது பாதி போகும்போதே
பந்து கையை விட்டிருக்கும்.
வலப்பக்கம் திரும்பமாட்டாள். எப்போதும் இடம்தான்.
என் மகனின் கையெழுத்தை
இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை நான்.

சட்டைப்பையில் விசில்,
பக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை.
"நிதானம், பிள்ளைகளா, நிதானம்."
சொன்னது இந்த வாய்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. ஏழு நொடி.
எகிறிய ஹுய் மின்னின் முழங்கையில் விழுந்த அடி
கடைசி வரிசைவரை கேட்டது.
விசிலுக்குக் கேட்கவில்லை.
சிவப்புக் கையில் பட்டு, கோட்டைத் தாண்டிப் போனது பந்து.
எங்கள் பந்துதான்.
எங்கள் பந்து, ஏழு நொடி, எல்லாம் இருந்தது.
என் கையில் பலகைதான் இல்லை.

அது தரையில் கிடந்தது.
பச்சையும் சிவப்புமாய்க் காந்தங்கள் தெறித்தோட
ஒரு பச்சை, நடுவரின் காலணி வரை உருண்டு
அங்கேயே சாய்ந்துகொண்டது.
எங்கள் ஆட்டக்காரர் எவரும்
அன்று அத்தனை சுதந்திரமாய்
மைதானத்தின் நடுவுக்குப் போகவில்லை.

டெக்னிக்கல் ஃபவுல். பயிற்றுநருக்கு.

மூன்று தட்டு.
துடைப்பு.
பாதி மூச்சு.
வலை அசைவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டேன்,
படித்த புத்தகத்தின் கடைசிப் பக்கம்போல.

மிச்ச ஏழு நொடியில் அகல்யா எறிந்தது
வளையத்தை ஒருமுறை, இன்னொருமுறை சுற்றி,
வீடு மாறிப்போனவரைத் தேடி வந்தவர்
கதவு எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல் சுற்றி,
வெளியே விழுந்தது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே
யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
ஷஃபீக்கா காந்தங்களைப் பொறுக்கி
ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு நீட்டினாள்.
"ஒன்பதுதான் இருக்கு, கோச்."
மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது.
"நாளைக்குப் பயிற்சி இல்லை" என்று வெளியே வந்தது.

வடக்கே போகும் ரயிலில் நல்ல கூட்டம்.
குடைகளிலிருந்து சொட்டும் தண்ணீர்.
எனக்கு நேர் எதிரே ஒரு சிவப்புச் சட்டை,
கணுக்காலில் கட்டிய பனிக்கட்டிப் பை.
பதினொன்று.

நிமிர்ந்தாள்.
என் நரையைப் பார்த்தாள், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்,
நொண்டியபடி எழுந்தாள்.
"அங்கிள், உட்காருங்க."

நாற்பது தடவை.
அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"வேணாம்மா, உன் கால்…" என்பதற்குள்
கூட்டத்தில் ஓர் இடைவெளி பார்த்து, சட்டென்று
வலப்பக்கம் திரும்பிக்
கதவோரம் போய்விட்டாள்.

வலப்பக்கம்!

உட்கார்ந்தேன்.
இருக்கையில் அவளுடைய சூடு இன்னும் இருந்தது.
மடியில் ஒன்பது காந்தங்கள் கலகலத்தன.
மாத்திரையை அப்போதுதான் போட்டேன், தண்ணீரில்லாமல்.
பிறகு பேனாவைத் தேடினேன்.
அடுத்த மார்ச்சுக்கு இன்னும்
முந்நூற்று ஐம்பத்து நான்கு நாள் இருந்தது.