கடிகாரம் பின்தங்கியுள்ளது

காலையில் கரண்டு போய் வந்ததிலிருந்து
ஒரு பக்கமும் திறக்கவில்லை.
உசிலம்பட்டி, பேரையூர் ரோடு,
ஜெராக்ஸும் சான்றிதழும் எடுத்துத்தரும் கடை.
வெளியே பூ மூட்டை இறக்குகிறார்கள்.
உள்ளே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எஃப் ஐந்தைத் தட்டினேன். பிறகு குத்தினேன்.
மோடத்தைப் பிடுங்கி, இருபது எண்ணி, மாட்டினேன்.
பச்சை விளக்கு நாலும் ஒழுங்காகத்தான் கண் சிமிட்டின.
குக்கீ, கேஷ் எல்லாம் அழித்தேன்,
கைதவறி, சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டையும் சேர்த்து.
வேறு பிரவுசர். அதிலும் அதே சிவப்பு முக்கோணம்.
கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டால்
‘நீங்க நல்லாத்தான் இருக்கீங்க சார்’ என்கிறான்,
என் நாடியைப் பிடித்துப் பார்த்தவன் போல.
செல்போனில் எல்லாம் திறக்கிறது.
அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒச்சம்மா மூன்றாவது நாளாக
பிளாஸ்டிக் நாற்காலியில்.
வாரிசுச் சான்றுக்கு.
முதல் நாள் போட்டோ இல்லை.
நேற்று சர்வர் இல்லை.
மடியில் ஜவுளிக்கடைப் பை; அதற்குள்
பெரியாஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்கள்,
காசிமாயனின் இறப்புச் சான்று மட்டும்
லேமினேட் போட்டு.

அப்புறம்தான் மூலையைப் பார்த்தேன்.
திரையின் வலது கீழ் மூலை,
நான் எப்போதும் பார்க்காத இடம்.
01-01-2009.
உள்ளே ஐந்து ரூபாய்க் காசளவில் ஒரு பேட்டரி
செத்துக் கிடக்கிறது. கரண்டு போனதும்
பெட்டி தனக்குத் தெரிந்த முதல் நாளுக்கே போய்விட்டது.
அங்கே நின்று பார்த்தால்
அரசாங்கத் தளத்தின் பூட்டும் சாவியும்
இன்னும் செய்யப்படவே இல்லை.
பின் எப்படி நம்பும்?

‘இது ரெண்டாயிரத்து ஒம்போதுல நிக்குதுக்கா,
அதான் கோளாறு.’
எட்டிப் பார்த்தாள்.
‘அந்த வருசமா?
மாத்துங்க தம்பி. மனுசன் குடியில கெடந்தாரு,
நான் எங்கம்மா வீட்டுல கெடந்தேன்.’

அம்புக்குறியை அழுத்தினேன்.
பத்து. பதினொன்று.
‘பெரியவளுக்கு மொட்டை போட்டோம்.’
பதினாலில் லோடு ஆட்டோ, தவணையில்.
பதினேழைத் தாண்டும்போது
‘இது நல்ல வருசம்’ என்றாள், தனக்குள் போல.
நிறுத்தச் சொல்லவில்லை.
நானும் நிறுத்தவில்லை.

இன்றைய தேதியில் விட்டதும்
பக்கம் சட்டென்று வந்து நின்றது,
கோபுரச் சின்னத்தோடு,
ஒன்றுமே நடக்காதது மாதிரி.

பேட்டரி நாற்பது ரூபாய்.
பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடையில் கிடைக்கும்.
அதுவரை கரண்டு போகாமல் இருக்க வேண்டும்.

பெயர். உறவு. இறந்த நாள்.
செல் நம்பர் கேட்டேன், மூச்சு விடாமல் சொன்னாள்.
‘ஆறு எண்ணு வரும்க்கா, பாத்துச் சொல்லுங்க.’
பைக்குள் ஒரு சத்தம்.
எடுத்தாள். அவருடைய போன்,
மூலை உடைந்தது, முழுச் சார்ஜில்.
கையைத் தூர நீட்டிக் கண்ணைச் சுருக்கி,
‘நாலு… ஏழு…
இது மூணா எட்டா,
நீங்களே பாருங்க தம்பி.’