இருபத்தாறு

ஜெசிந்தா மிஸ் மேசையில் வைத்த அட்டையில்
ஐந்து மஞ்சள் முகங்கள்.
"ஹிதாயத், இன்று நீ எது?"
"எதுவுமில்லை. நான் மாநிறம்."
சிரித்தார்.
அது நகைச்சுவை என்று எனக்குப் பிடிபட்டது
திரும்பும் வழியில்,
ரூவி மணிக்கூண்டைப் பேருந்து சுற்றும்போது.

ஏழு வாரம் அதே அட்டை.
நான்காவது முகத்தின் இடது கண்
வலதைவிடச் சிறிது. அச்சில் வந்த பிழை.
அதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.
உள்ளே என்ன நடக்கிறதென்று மட்டும்
சொல்ல வரவில்லை.

ஆகஸ்டில் ஓர் இரவு
கட்டடம் முழுக்கக் கரண்ட் போனது.
கீழே கடையில் ஜெனரேட்டர்,
மாடிப்படியில் ஆறு மொழியில் ஆட்கள்,
உம்மாவின் கைப்பேசியில் காயல்பட்டினத்து மாமி:
ஓதி ஊதினால் சரியாகிவிடுமாம்.
ஒவ்வொரு சத்தமும் தோலுக்கடியில் நுழைந்து
இடம் பிடித்து உட்கார்ந்தது.
குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன்.
சொற்கள் கூட வரவில்லை,
வெளியிலேயே நின்றுவிட்டன.

என்ன செய்யுது, என்ன செய்யுது என்று
உம்மா கதவைத் தட்டினார்.
"தட்டாதீங்க உம்மா" என்றது லாத்தா.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாதது
நன்றாக இருந்தது.

கதவுக்கடியில் ஏசி ரிமோட் வந்தது.

வாப்பா ஏசி மெக்கானிக்.
பகலெல்லாம் யார் யார் மொட்டைமாடியிலோ வெந்துவிட்டு
வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார்.
கரண்ட் இல்லாவிட்டாலும்
பொத்தானைத் தொட்டால் பச்சையாய் எண் தெரியும்.
முப்பது வைத்துத் திருப்பித் தள்ளினேன்.
அதற்கு மேல் அதில் எண் கிடையாது.

அவர் குறைக்கவில்லை.
முப்பதாகவே திரும்பி வந்தது.
கதவிடுக்கில் கைப்பேசி வெளிச்சம்,
அதில் அவருடைய கால் பெருவிரல்.
அது எங்கும் போகவில்லை.

இருபத்தொன்பது அனுப்ப எனக்கு ஒரு மணி நேரம்.
இருபத்தாறில் கதவைத் திறந்தேன்.
கரண்ட் அப்போதும் வந்திருக்கவில்லை.

எட்டாம் வாரம், வாப்பாவின் பையிலிருந்து
மூடி உடைந்த பழைய ரிமோட் ஒன்றை
மிஸ்ஸிடம் கொண்டுபோனேன்.
விவரம் கேட்டுவிட்டு
முகங்களை இழுப்பறைக்குள் போட்டார்.
என் எண் இருபத்தேழு.
ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்து அவர் முறை என்பதால்
ரிமோட்டை அந்தப் பக்கம் தள்ளினேன்.
இதை அவர் எதிர்பார்க்கவில்லை போல.
ஏற்றினார், இறக்கினார்,
மறுபடி ஏற்றி
இருபத்தொன்பதில் விரலை எடுத்தார்.

நான் எழுந்துபோய்
ட்யூப்லைட்டை அணைத்தேன்.