இடது கையில் ஊசி கூடாது

மணிக்கட்டை இரு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
விரல்களை மூடித் திறக்கச் சொன்னார் டாக்டர் தினாரா.
அப்பாவின் உள்ளங்கை வெளுத்தது, சுவர் மாதிரி.
ஒரு விரலை மட்டும் எடுத்தார்.
பால் பொங்கக் காத்திருப்பவர்களைப் போல
மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்திருந்தோம்.
சிவந்தது.
"இந்தக் கை போதும். இதிலிருந்துதான் நாக்கு."

இந்தக் கையில் ஒரு நங்கூரம் இருக்கிறது.
கடற்படையில், பத்தொன்பது வயதில்,
பூட்ஸ் அடியை எரித்த கரியைத் தையல் ஊசியில் தொட்டு
எவனோ குத்திவிட்டது. ஒரு கொக்கி கோணல்.
"அதுவும் உள்ளே போகுமா?"
அளந்து பார்த்தார். பாதி போகும்.
"எந்தப் பாதி என்று கேள்,"
என்னிடம் சொன்னார் அப்பா,
டாக்டருக்கு ஜார்ஜிய மொழி தெரியாதது போல.

பதினோரு நாள் இருந்தது.
எடை ஏற்ற வேண்டும்: வால்நட் அரைத்துவிட்ட கோழி,
தினம் இரண்டு வேளை, மெல்ல முடிந்தவரை மெல்லட்டும் என்று.
நான்கு பல் பிடுங்கியாயிற்று.
சிகரெட்டை விட்டார், தீப்பெட்டியை விடவில்லை.
தலைமாட்டை உயர்த்திப் படுக்கப் பழக
கட்டிலுக்குச் செங்கல் கொடுத்தேன்;
விடியும்போது சறுக்கி, கால் இரண்டும் தரையில்,
எங்கேயோ கிளம்பியவர் போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுதிக் காட்ட ஒரு வெள்ளைப் பலகை.
"வலி எவ்வளவு, பத்துக்கு?" ஒத்திகைக்குக் கேட்டேன்.
என் புருஷனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை எழுதினார்.
அப்பா எழுதி நான் பார்த்ததே இல்லை.
குத்தாயிசியிலிருந்து பத்தூமிக்கு
இருபத்தாறு வருஷம் வேன் ஓட்டியவர்.
சம்த்ரேதியா! லான்ச்குத்தி! கொபுலேத்தி!
இறங்காதவனைத் திட்டுவது போலவே
எல்லா ஊரையும் கத்துவார்.
எழுத உட்கார்ந்தால்
சிசானா என்ற என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போகிறது.

குரலைப் பதிந்து வைக்கச் சொன்னார்கள்.
"செத்தவனுக்குச் செய்வது" என்று எழுந்து போனார்.
திருட்டுத்தனமாகப் போனில் பிடித்தேன்:
பதினாறு நிமிஷம்,
தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவனோடு சண்டை.
அதுதான் இருக்கிறது என்னிடம். அதில் ஒரு இருமலும்.

திபிலிசியில், முந்தின இரவு,
முழங்கை முதல் மணிக்கட்டு வரை
அழியாத மையில் நானே எழுதினேன்:
இங்கே ஊசி கூடாது.
ஐந்து மணிக்கு ஒரு நர்ஸ் பட்டையோடு வந்து
இடது கையைத்தான் பிடித்தாள்.
நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார்.
அப்பா எழவில்லை. கண்ணை மூடியே சொன்னார்:
"என் மகள். வேன் ஓட்டலாம்."
முழு நாக்கால் சொன்ன கடைசி வார்த்தை அதுவா என்று
நான் இன்னும் யோசிப்பதுண்டு.
அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டாரோ என்னவோ.

ஒன்பது மணி நேரம்.

பிறகு மணிக்கொரு தரம்
பேனா போன்ற ஒன்றை அவர் வாய்க்குள் நீட்டிக் கேட்டார்கள்.
ஈரமண்ணில் குதிரை ஓடும் சத்தம்.
கையின் நாடி, வாயில்.
டார்ச் வெளிச்சத்தில் கன்னத்தோரம் நீலமாக ஒரு கொக்கி.
கோணலானது.
"முடி முளைக்கலாம், கதிர்வீச்சு கொடுத்தால் உதிரும்" என்றாள் நர்ஸ்.
அப்பா பலகை கேட்டு எழுதினார்:
சவரம் யார் செய்வது?

மூன்றாம் வாரம், தொண்டைத் துளையை விரலால் மூடி
எதையாவது சொல்லுங்கள் என்றார்கள்.
சம்த்ரேதியா எச்சிலாக வழிந்தது.
லான்ச்குத்தி வரவேயில்லை.
என் பெயரில் பல்லிடுக்குக் காற்று மட்டும், எழுத்தே இல்லை.
துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார் ரொம்ப நேரம்.
அப்புறம்,
உதட்டில் தொடங்கித் தொண்டையில் உடைந்து,
நாக்கு நுனியிடம் எதுவும் கேட்காமல்
முழுசாக வந்தது ஒரு சொல்:
பகாகி.
தவளை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள்
மீட்டர் பார்ப்பவன் வந்தான். கதவை அப்பாவே திறந்தார்.
"பகாகி" என்றார்.
அவனுக்கு நன்றாகவே புரிந்தது.