படிக்கட்டுக்குக் கீழ் எட்டு மீட்டர்கள்

நாலே முக்கால்.
வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டேன்.
ஃபேன் தன் கடைசிச் சுற்றை
முடிக்க மனமில்லாமல் முடித்தது.
ஃபிரிட்ஜின் பிளக் தரையில் கிடக்கிறது.
கொசுவத்தி மிஷினைக்கூடக் கழற்றியாயிற்று.

ஓட்டேரி இன்னும் விடியவில்லை.
படிக்கட்டுக்குக் கீழ் எட்டு சப்-மீட்டர்கள்.
ஏழும் ஃபேனுக்கு உண்டானதை
நிதானமாய்ச் சிமிட்டுகின்றன.
செத்துக் கிடக்க வேண்டிய என்னுடையது மட்டும்
கண் பட்டதுபோல் படபடக்கிறது,
பின்கட்டில் மோட்டார் உறுமிய நொடியிலிருந்து.

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய கிளாம்ப் மீட்டர்.
போகும் ஒயரையும் வரும் ஒயரையும்
சேர்த்துப் பிடித்தால் பூச்சியம்தான் காட்டும்:
போனதை வந்தது கழித்துவிடும்.
ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து
அதன் கழுத்தில் மாட்ட வேண்டும்.

மாட்டினேன்.
மூன்று புள்ளி நாலு ஆம்பியர்.

மீட்டர் பொய் சொல்கிறதோ என்று கேட்பார்கள்.
அதனால் நேற்றிரவே
இஸ்திரிப் பெட்டியை வைத்து அதைச் சோதித்தேன்.
அதன் அடியில் எழுதியிருக்கிறது:
இருநூற்று முப்பது வோல்ட், ஆயிரம் வாட்.
ஆனால் மே மாதத்து இரவில்
தெருவே ஏசி போட்டுக்கொண்டு படுத்தபின்
எங்களுக்கு வருவது இருநூற்று நாலு.
மூன்று புள்ளி எட்டு ஆறு ஆம்பியர் ஓடியது.
பெருக்கினேன்: எழுநூற்று எண்பத்தேழு வாட்.
ஆயிரம் என்று விற்ற பெட்டி
இருநூற்றுச் சொச்சம் குறைவாய்ச் சுடுகிறது.
பள்ளிக்கூடச் சட்டையின் காலர்
ஏன் படியவில்லை என்று இப்போது தெரிகிறது.
வகுத்தேன்: ஐம்பத்து மூன்று ஓம், ஒரு மயிரிழை குறைய.
கம்பெனி எழுதியதிலிருந்து கணக்குப் போட்டாலும் அதேதான்.
அழுத்தம் தளர்ந்தது, ஓட்டம் தளர்ந்தது;
தடை மட்டும் தளரவில்லை.

பாடப் புத்தகத்தில் மின்தடை என்றால் ஓம்.
செய்தித்தாளில் மின்தடை என்றால்
காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்
எங்கள் பகுதியில் குடியிருந்திருப்பார்.

சரி, மோட்டார்.
இருநூற்று நாலைப் பெருக்கு மூன்று புள்ளி நாலு:
அறுநூற்றுத் தொண்ணூற்று நாலு.
இதில் எல்லாமே உழைப்பதில்லை.
சுருளுக்குள் ஒரு பங்கு
போய் எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பும்.
அதைத் தள்ளினால் ஐந்நூற்று ஐம்பத்தைந்து வாட்.
தினம் ஒன்றரை மணி நேரம்,
மாதம் இருபத்தைந்து யூனிட்,
யூனிட் ஒன்பது ரூபாய்.
பதினாலு மாதமாக.

தணிகாசலம் சார் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.
"நீ குடிக்கிற தண்ணியும் அதுலதானம்மா ஏறுது?"
"ஏறுது சார். எட்டு வீட்டுக்கும் ஏறுது.
இருநூத்தி இருபத்தஞ்ச எட்டால வகுங்க."
வகுக்கவில்லை.
"பொம்பளைக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரு சொன்னது?"
"அம்பத்தூர்ல எனக்கு அதுதான் சார் சம்பளமே.
டிரான்ஸ்ஃபார்மர் டெஸ்டிங்."
"எலக்ட்ரீசியன வரச் சொல்றேன்" என்றார்,
டீயைப் பார்த்து.

இரண்டு நாள் மோட்டார் ஓடவில்லை.
ரிப்பேராம்.
லாரித் தண்ணீருக்கு நின்ற எட்டுக் குடத்தில்
ஏழு குடம் என்னிடம் பேசவில்லை.
மூன்றாம் வீட்டு நாகபூஷணம் மட்டும்
"உனக்கு இது தேவையா?" என்றார்.

இன்று மூன்றாம் நாள், அதே நாலே முக்கால்.
உறுமல் கேட்டு இறங்கி வந்தேன்.
என் மீட்டரின் சிவப்புக் கண்
ஃபிரிட்ஜுக்காக ஒருமுறை திறந்து மூடியது.
அவ்வளவுதான்.
ஜெயித்துவிட்டேன் என்று
ஒரு மூச்சு அளவுக்கு நினைத்தேன்.

பக்கத்தில், நாலாம் எண்
படபடவென்று அடித்துக்கொண்டது.

நாலாம் எண் பல்கீஸ் அக்கா.
ராத்திரி பன்னிரண்டு வரை ஜாக்கெட் தைப்பவர்.
பில் ஏறினால்
தன் தையல் மிஷினைத்தான் திட்டிக்கொள்வார்.

ஒரு கையில் கிளாம்ப் மீட்டர்,
மறு கையில், ஒயர் சுற்றிய இஸ்திரிப் பெட்டி.
கதவைத் தட்ட மூன்றாவது கை இல்லை.
காலால் தட்டுகிறேன்.